முளைகட்டிய தானியக் கரைசல்: வீட்டுத் தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியிலும் கொல்லையிலும் காய்கறி வளர்ப்பவர்கள் பலர், பயறையும் சிறுதானியத்தையும் முளைகட்டி அரைத்து நீரில் கலந்து செடிகளுக்கு ஊற்றத் தொடங்கியிருக்கிறார்கள். அதைப் பற்றி மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் தரப்பட்டுள்ளன. இந்தக் கரைசலை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு உரியதைவிட அதிகமான புகழ் கிடைத்திருக்கிறது என்றும் கருதுகிறேன். பதில்களில் இந்த இரண்டும் தெரியும்.

முளைக் கரைசல் என்பது என்ன?

முழு விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, சிறு முளை வந்ததும் அரைத்து, நிறைய நீரில் கலந்து வடிகட்டி உடனே செடிக்குக் கொடுக்கும் நீர்தான் முளைக் கரைசல். பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேமோர் கரைசல் ஆகிய பிற இயற்கைக் கரைசல்களை நாள்கணக்கில் ஊறவைத்து நொதிக்கவிடுகிறோம். இதற்கு அந்த வேலை கிடையாது. இது புதிதாக இருக்கும்போது மட்டுமே பயன் தருவது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

முளைவிடும்போது விதைக்குள் என்ன நடக்கிறது?

காய்ந்த விதை ஒரு பூட்டிய குதிர் போன்றது. மாவுச்சத்தும் புரதமும் அதில் நிறைந்திருந்தாலும், அவை நீரில் கரையாத பெரிய மூலக்கூறுகளாக அடைபட்டிருப்பதால் கருச்செடியால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விதை நீரை உறிஞ்சியதும் கரு விழித்துக்கொள்கிறது. பார்லி, கோதுமை, கேழ்வரகு போன்ற தானியங்களில் கரு முதலில் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை வெளியிடுகிறது. அது மாவுப்பகுதியைச் சூழ்ந்திருக்கும் உயிரணு அடுக்கைச் சென்றடைந்ததும், அந்த அடுக்கு நொதிகளை உருவாக்கி உள்ளே அனுப்புகிறது. அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், புரோட்டியேஸ் புரதத்தை அமினோ அமிலமாகவும் உடைக்கின்றன. விதையில் இருக்கும் மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) பெரும்பகுதி பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. பைட்டேஸ் என்னும் நொதி அதை அவிழ்க்கிறது.

மனிதர் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதியே முளைத்த தானியத்திலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1833இல் பிரான்சைச் சேர்ந்த பாயன், பெர்சோ என்னும் இரு வேதியியலாளர்கள் முளைத்த பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் பொருளைப் பிரித்து அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். அவர்கள் கண்டதைத்தான் நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய்மார்களும் தம் கைப்பழக்கமாக வைத்திருக்கிறார்கள். முளைத்த கேழ்வரகுக் கஞ்சி இயல்பாகவே இனிப்பதற்கும் இளகுவதற்கும் அமைலேஸ்தான் காரணம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

இது ஓர் ஊரில் மட்டும் தோன்றியதாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் இயற்கைவழித் தோட்டக்காரர்கள் பார்லி, மக்காச்சோளம், குதிரைமசால் (அல்பால்பா என்னும் தீவனப் பயிர்) ஆகியவற்றின் முளைகளை அரைத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய இயற்கை வேளாண் முறையில் ஏழு தானிய முளைக் கஷாயம் ஒன்று உண்டு. எள், பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகியவற்றோடு நரிப்பயறையோ கிடைக்கும் வேறொரு பயறையோ சேர்த்து, ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுத்து முளைகட்டி, துவையல் பதத்துக்கு அரைத்து, 200 லிட்டர் நீரிலும் 10 லிட்டர் பசு கோமியத்திலும் கலந்து, தானியம் பால் பிடிக்கும் பருவத்திலோ காய் பிடிக்கும் பருவத்திலோ தெளிப்பார்கள். தமிழ்நாட்டு இயற்கை உழவர்களிடமும் அது பரவியிருக்கிறது. நம் மாடித் தோட்டங்களில் புழங்கும் கரைசலில் இந்த இரண்டு வழிகளின் சாயலும் இருக்கிறது.

இது உரமா? இதை மட்டும் கொடுத்துச் செடி வளர்க்க முடியுமா?

முடியாது. மனம் தளராமல் கணக்கைப் பாருங்கள். பாசிப்பயறில் ஏறத்தாழ 24 சதவீதம் புரதம். புரதத்தின் எடையை 6.25ஆல் வகுத்தால் அதில் உள்ள தழைச்சத்தின் (நைட்ரஜன்) அளவு கிடைக்கும். எனவே 50 கிராம் பயறில் இருக்கும் தழைச்சத்து 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாம்பல் சத்து (பொட்டாசியம்) அரை கிராமுக்குச் சற்று மேல். மணிச்சத்து அரை கிராமிலும் பாதி இல்லை. அந்தப் பயறை 5 லிட்டர் நீரில் கரைத்து ஒரு செடிக்குக் கால் லிட்டர் ஊற்றினால், அந்தச் செடிக்குப் போய்ச் சேரும் தழைச்சத்து 0.1 கிராம்தான். அதிலும் சக்கையோடு போவது போக மிச்சம்தான் மண்ணுக்கு.

இதையே கடலைப் பிண்ணாக்கோடு ஒப்பிடுங்கள். அதில் தழைச்சத்து ஏறத்தாழ 7 சதவீதம். 100 கிராம் பிண்ணாக்கு 7 கிராம் தழைச்சத்தைக் கொண்டுவருகிறது. வேப்பம் பிண்ணாக்கில் சுமார் 5 சதவீதம். தக்காளியும் கத்தரியும் பூத்துக் காய்த்து ஓய்வதற்குள் பல கிராம் தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே செடியின் சாப்பாடு மண்புழு உரம், தொழுவுரம், பிண்ணாக்கு ஆகியவற்றிலிருந்துதான் வரவேண்டும். வளர்பையில் வெறும் தென்னை நார்க்கழிவை நிரப்பிவிட்டு, இலை வெளுத்த பிறகு முளைக் கரைசலை ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தச் செடிக்குப் பசி. பசிக்கு இது மருந்தாகாது.

அப்படியானால் இதனால் என்ன பயன்?

எதிர்பார்க்கக் கூடியது மூன்று வகை. முதலாவது, கரைசலில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உடனடி இரையாகின்றன. அவை பெருகும்போது, மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் மக்கிய பொருளைச் சிதைக்கும் வேலை சில நாள்களுக்கு வேகம் பிடிக்கிறது. நல்ல தொழுவுரம் இட்ட தொட்டியில் இந்தக் கரைசலின் விளைவு தெரிவதும் வெறும் நார்க்கழிவில் தெரியாததும் இதனால்தான் என்பது என் கருத்து. இரண்டாவது, முளை கொண்டுவரும் நொதிகள் மண்ணிலும் சிறிது நேரம் வேலை செய்யலாம். ஆனால் நொதிகளும் புரதங்களே. அவற்றை மண்ணின் களிமண் துகள்கள் பிடித்துவைத்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் தின்றும்விடும். எனவே அவை நீண்ட நாள் நிற்கும் என்று எண்ண வேண்டியதில்லை. மூன்றாவது, மிகச் சிறிய அளவில் இருக்கும் வளர்ச்சி ஊக்கிகள். முளைகளில் அவை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நூறு மடங்கு நீர் சேர்த்த பிறகு வேருக்கு எட்டும் அளவு செடியை அசைக்கப் போதுமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கரைசலை ஊற்றிய மறுநாளே செடி துளிர்த்துவிட்டது என்று சொல்லப்படும்போது, முதல் நாள் அந்தச் செடி நீருக்கு வாடியிருந்ததா என்று நான் கேட்பது வழக்கம்.

குதிரைமசால் முளையில் ட்ரையகாண்டனால் இருப்பதால் அதுவே சிறந்தது என்கிறார்களே?

இதில் ஒரு குழப்பம் கலந்திருக்கிறது. ட்ரையகாண்டனால் என்ற வளர்ச்சி ஊக்கி குதிரைமசாலிலிருந்து கண்டறியப்பட்டது உண்மை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை 1977இல் வெளியிட்டனர். ஆனால் அது வளர்ந்த செடியின் தழையிலிருந்து கிடைத்த மெழுகுப் பொருள். நீரில் எளிதில் கரையாதது. இரண்டு நாள் முளையை நீரில் அரைத்து வடிகட்டினால் அது அப்படியே செடிக்குப் போய்ச் சேரும் என்று நம்ப இடமில்லை. நம் ஊரில் குதிரைமசால் விதையைத் தேடி அலைந்து கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டாம். அடுக்களையில் இருக்கும் தானியமே போதும்.

எந்தத் தானியம் ஏற்றது?

முளைக்கும் திறனுள்ள எந்த முழு விதையும் ஆகும். மாவுச்சத்தை உடைக்கும் நொதி வேண்டுமென்றால் கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை. அமினோ அமிலங்கள் வேண்டுமென்றால் பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை. நான் ஒரு பங்கு கேழ்வரகோடு இரண்டு பங்கு பாசிப்பயறு சேர்க்கிறேன். அதற்குக் காரணம் உண்டு: தானியத்தில் கரிமச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. வெறும் மக்காச்சோளத்தையோ கோதுமையையோ கெட்டியாக அரைத்து அடிக்கடி ஊற்றினால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி தற்காலிகமாக வெளுக்கும். பயறு சேரும்போது அந்தக் குறை ஈடாகிறது.

உடைத்த பருப்பு, தீட்டிய அரிசி, வறுத்த கடலை ஆகியவை முளைக்காது. உமி நீக்கித் தீட்டிய சாமை, வரகு, தினை ஆகியவற்றையும் நம்ப முடியாது. நெல் முளைக்கும், ஆனால் அரைப்பதும் வடிகட்டுவதும் பெரும்பாடு.

தவிர்க்க வேண்டிய விதைகள் உண்டா?

உண்டு, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசி விற்கும் விதைப்பு விதைகள் பூஞ்சாணக் கொல்லி கலந்தவை. அவற்றை அடுக்களைப் பாத்திரத்தில் ஊறவைக்கவும் கூடாது, அரைக்கவும் கூடாது. ஆமணக்கு விதையில் கொடிய நஞ்சு இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். கடுகை அரைத்தால் வெளிப்படும் காரமான பொருள் இளநாற்றின் வேரைச் சுடும். சூரியகாந்திக்கும் பிற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்பு உண்டு; தோட்டத்தில் சூரியகாந்தியின் காலடியில் வேறு செடிகள் சோர்ந்து நிற்பதைக் கவனித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

எப்படிச் செய்வது?

50 கிராம் தானியத்தைக் கல், பொக்கு நீக்கி இரண்டு மூன்று முறை கழுவி, எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய முதல் நீரை வடித்து, வாசலில் நிற்கும் முருங்கைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம். அதில் தோலிலிருந்து கரைந்த துவர்ப்புப் பொருள்களும் நுரைக்கும் பொருள்களும் இருக்கும் என்பதால் நான் கரைசலில் சேர்ப்பதில்லை. ஏழு தானியக் கஷாயம் செய்பவர்கள் அந்த நீரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரிய வயலில் அது பொருட்டில்லை.

பிறகு சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் துணியோடு நீரில் நனைத்துப் பிழியாமல் வடியவிடுங்கள். நம் வெயிலுக்குப் பாசிப்பயறு ஒரு நாளில் முளைவிடும். கேழ்வரகுக்கும் வெந்தயத்துக்கும் ஒன்றரை நாள் வரை ஆகும். கோதுமைக்கு இரண்டு நாள். மக்காச்சோளத்துக்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே கலந்து செய்பவர்கள் தாமதமாக முளைப்பதை முந்தியே ஊறப்போட வேண்டும். முளை விதையின் நீளத்துக்கு வந்தால் போதும். அதற்கு மேல் விட்டால், விதை சேர்த்து வைத்ததை நாற்று தன் உடம்பாக மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

முளைத்ததைக் குளிர்ந்த நீர் விட்டு மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறும். நொதிகளுக்குச் சூடு ஆகாது. அதே காரணத்தால் வெந்நீரும் கூடாது. அரைத்த விழுதை 5 லிட்டர் நீரில் கரைத்து, அரை மணி நேரம் வைத்து, நன்றாகக் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எந்த நீரில் கலப்பது?

மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் வாடை அடித்தால், அகன்ற வாளியில் திறந்தபடி ஓர் இரவு வைத்து மறுநாள் பயன்படுத்தலாம். உப்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டிச் செடிக்குத் தவிர்ப்பது நல்லது. அது முளைக் கரைசலுக்கு மட்டுமான விதி அன்று.

எவ்வளவு ஊற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். நடுத்தரத் தொட்டிக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை, மண் ஏற்கெனவே சற்று ஈரமாக இருக்கும்போது, மாலையில் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். நாற்றுகளுக்கு அதே அளவு நீர் மேலும் சேர்த்துப் பாதிச் செறிவில் கொடுங்கள். விதையிலைகளுக்குப் பிறகு முதல் இரண்டு உண்மை இலைகள் வரும் முன் கொடுக்கவே வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல், புடல் ஆகியவற்றில் நட்டு வேர்பிடித்த பின் ஒருமுறையும், மொட்டு வைக்கும்போது ஒருமுறையும், காய்ப்பின் நடுவில் ஒருமுறையும் கொடுத்தாலே நிறைவு. கற்றாழை, கள்ளி, அடீனியம், ஆர்க்கிட் ஆகியவை ஈரமும் இனிப்பும் தேங்கினால் அழுகிவிடும், அவற்றுக்கு வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நான் இதைச் செய்வதே இல்லை. நீர் நிறைந்த மண்ணில் காற்றோட்டம் இருக்காது. அந்த நேரத்தில் சர்க்கரை சேர்ந்தால் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் உயிர்வளியையும் தீர்த்துவிட, வேர் மூச்சுத் திணறும். நோக்கம் நல்லது என்பதற்காக மழையில் நனைந்து நிற்கும் தொட்டியில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

இலை மேல் தெளிக்கலாமா?

தெளிக்கலாம், ஆனால் இன்னும் நீர்க்க வேண்டும். ஏழு தானியக் கஷாயத்தின் கணக்கே இதற்கு வழிகாட்டும்: அதில் 700 கிராம் விதை 210 லிட்டரில் கலக்கிறது, அதாவது லிட்டருக்குச் சுமார் 3 கிராம். வீட்டளவில் 50 கிராம் முளைக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே செறிவு வரும். வேருக்கு ஊற்றுவது இதைவிட மூன்று மடங்கு கெட்டி. அதை அப்படியே தெளிப்பானில் நிரப்பினால் மூக்கு அடைத்துக்கொள்வது மட்டுமன்றி, இலையில் பிசுபிசுப்பான படலம் படிந்து கரும்பூசணம் படரவும் எறும்பு ஏறவும் வழியாகும். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, வெயில் தாழ்ந்த பின், இலை இருட்டுவதற்குள் உலரும்படி தெளியுங்கள். சாம்பல் நோய் பிடித்திருக்கும் வெண்டையிலும் பூசணிக் கொடியிலும் தெளிக்கவே கூடாது.

பச்சையாக உண்ணும் கீரைகளுக்குப் பாதுகாப்பானதா?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் நோய்க்கிருமிகள் பெருகுவதற்கும் வேண்டியவையே. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புபடுத்தப்பட்ட ஈ.கோலை தொற்று பரவி 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிருமி விதையோடு வந்ததாகவே விசாரணைகள் காட்டின. நல்ல கடையில் வாங்கிய விதை, நன்றாகக் கழுவிய கை என்பவை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

ஆகவே புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ் போன்று பச்சையாக வாயில் போடும் இலைகள் மீது முளைக் கரைசலைத் தெளிக்காதீர்கள். வேருக்கு ஊற்றுவதானாலும் இலையில் தெறிக்காமல் ஊற்றி, அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நிறுத்திவிடுங்கள். வேகவைத்து உண்ணும் கத்தரியிலும் அவரையிலும் இந்த அச்சம் குறைவு. கரைசல் செய்த மிக்சி ஜாடியைச் சோப்பிட்டுக் கழுவி வெந்நீரில் அலசிய பிறகே சட்னிக்கு எடுக்க வேண்டும்.

மீந்த கரைசலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

அன்றே தீர்த்துவிடுவதே முறை. பாலேக்கர் முறையில் இரண்டு நாள் வரை பயன்படுத்தலாம் என்று சொல்வதுண்டு. அதில் கோமியம் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வெறும் நீரில் கலந்த முளை விழுது, சித்திரை வைகாசி வெயிலில் அன்று இரவே புளித்து, மறுநாள் நாற்றமெடுக்கும். தானியம் மட்டும் இருந்தால் புளித்த மாவு வாடை வரும். பயறு சேர்ந்தால் புரதம் அழுகும் துர்நாற்றம் அண்டை வீட்டுக்கும் எட்டும். அரைத்த விழுதை மட்டும் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம். நாறிவிட்டதை வீணாக்க வேண்டாம். நிறைய நீர் சேர்த்து உரக்குழியில் காய்ந்த சருகின் மேல் ஊற்றுங்கள், அது அங்கே நல்ல வேலை செய்யும்.

சக்கையை என்ன செய்வது? எறும்பு வருகிறதே?

சக்கையைத் தொட்டியின் மேல் பரப்பினால் எறும்பு, ஈ, சிறு கொசு, எலி எல்லாம் வரும். அரைபடாத விதைகள் தொட்டியிலேயே முளைத்தும் நிற்கும். மாட்டுக்கோ கோழிக்கோ போடலாம், இல்லையென்றால் உரக்குழிதான் அதற்கு இடம். கரைசல் ஊற்றிய தொட்டியிலும் எறும்பு மொய்த்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

என் முளையில் நொதி வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும்; எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அரிசி மாவில் கெட்டியான கஞ்சி காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு கிண்ணங்களில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி முளைத்த கேழ்வரகு விழுதையும், மற்றதில் ஊறவைத்து மட்டும் அரைத்த, முளைக்காத கேழ்வரகு விழுதையும் கலந்து கால் மணி நேரம் விடுங்கள். முளை சேர்ந்த கஞ்சி கண்முன்னே நீர்த்துப்போகும். அமைலேஸ் மாவைத் துண்டாடிவிட்டது. மற்றது கெட்டியாகவே இருக்கும். இதே தத்துவத்தைக் கொண்டு, குழந்தைகளுக்கு அதிக மாவு சேர்த்தும் இளக்கமாக இருக்கும் கஞ்சி தயாரிக்கும் முறையை இந்திய ஊட்டச்சத்து அறிஞர்கள் 1980களில் பரப்பினார்கள். பாசிப்பயறில் இந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அமைலேஸ் மிகுதியாக இருப்பது தானிய முளையில்தான்.

உணவாகக் கூடிய தானியத்தைச் செடிக்கு ஊற்றுவது சரிதானா?

மனச்சங்கடம் தரும் கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 50 கிராம் பயறு ஒருவருக்கு ஒருவேளைச் சுண்டல். அதிலுள்ள சத்து மனித உடம்புக்குப் போவதே முதன்மை என்று நான் கருதுகிறேன். அதனால் டப்பாவின் அடியில் தங்கியது, வண்டு அரித்தும் முளைத்திறன் குன்றாதது, நிறம் மங்கிப் பழையதானது என்று சமையலுக்கு ஏற்காமல் போன விதைகளையே இதற்கு ஒதுக்கிவைக்கிறேன். ஒரு பிடி எடுத்து ஊறவைத்துப் பாருங்கள்; பாதிக்கு மேல் முளைத்தால் பயன்படுத்தலாம். முளைக்காதது உரக்குழிக்கு. புதிதாகக் கிலோக் கணக்கில் வாங்கி ஊற்றுவதைவிட, அந்தக் காசில் பிண்ணாக்கு வாங்கினால் மண்ணுக்குக் கிடைப்பது பல மடங்கு.

இடம் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அந்த விதைகளை வெறும் தொட்டியிலோ பாத்தியிலோ பலதானியமாக விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணோடு கலந்துவிடலாம். விதையில் இருந்ததோடு, வெயிலும் காற்றும் கொடுத்ததும் சேர்ந்து மண்ணுக்கு வரும். பயறு வேரின் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தும் அதில் அடங்கும்.

என் தோட்டத்தில் இது உண்மையில் பயன் தருகிறதா என்று எப்படி அறிவது?

ஒரே விதையிலிருந்து ஒரே நாளில் எழுந்த ஒன்பது தக்காளி அல்லது மிளகாய் நாற்றுகளை, ஒரே மண்கலவை நிரப்பிய ஒரே அளவுத் தொட்டிகளில் நடுங்கள். மூன்று தொட்டிக்கு முளைக் கரைசல். மூன்றுக்கு அதே தானியத்தை ஊறவைத்து, முளைக்கவிடாமல் அரைத்த கரைசல். மூன்றுக்கு வெறும் நீர். மூன்று வகைக்கும் ஒரே அளவு, ஒரே நாள். தொட்டிகளில் மூன்று நிற நூல் கட்டி அடையாளம் வைத்து, ஒரு வரிசையில் மூன்றும் கலந்து நிற்கும்படி வையுங்கள். இல்லையென்றால் வெயில் அதிகம் படும் மூலையில் நின்றது ஜெயித்துவிடும். காய்களைப் பறிக்கும்போதெல்லாம் எடைபோட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் செழிப்பை மதிப்பிட்டால் நாம் விரும்பிய தொட்டியே செழிப்பாகத் தெரியும்.

நடுவில் உள்ள வகையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையைச் சொல்லப்போவது அதுதான். வெறும் நீரை இரண்டு கரைசல்களும் ஒரே அளவு முந்தினால் தானியத்தின் சத்தே வேலை செய்திருக்கிறது, முளைகட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்படியானால் மலிவான பிண்ணாக்கு ஊறல் நீருக்கு மாறிவிடலாம். முளைக் கரைசல் மட்டும் முந்தினால், அடுத்த பருவத்திலும் அதையே திரும்பச் செய்து பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் மண்ணில் ஏற்கெனவே வேண்டியது இருக்கிறது. அந்தப் பயறைச் சுண்டலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.